வங்கி வாசல் கூட்டம் எங்கே போச்சு?

கேள்வி: அக்கா, ஸ்கூல் படிக்கும்போது ரூன்ஸ்கேப் என்ற ஆன்லைன் விளையாட்டு என்றால் எனக்கு உயிர். கம்ப்யூட்டர் லேபில் பிரவுசரைத் திறந்தால் போதும், இன்ஸ்டால் எதுவும் இல்லாமல் விளையாட்டு வந்துவிடும். அப்புறம் படிப்பு, வேலை என்று விட்டுப்போனது. சமீபத்தில் ஆசையாகத் திறந்தால் சண்டை, திரை, ஊர் எதுவுமே அடையாளம் தெரியவில்லை. "பழசு வேணும்னா ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப் போடா" என்றான் நண்பன். போட்டேன். மரம், மீன், பாட்டு எல்லாம் அப்படியே இருக்கின்றன. ஆனாலும் சீக்கிரமே சலித்துவிட்டது. விளையாட்டுக்குள் இருக்கும் வார்ராக் நகரத்து வங்கி வாசலில் ஈ காக்கை இல்லை. எனக்கு வயதாகிவிட்டதா, விளையாட்டைக் கெடுத்துவிட்டார்களா?

பதில்: தம்பி, வயதை எதற்கு இதில் இழுக்கிறீர்கள்? அந்த வாசல் காலியானதற்கு மாதம், வருடத்தோடு காரணம் இருக்கிறது.

நானும் அங்கே நின்று நிலக்கரி விற்றவள்தான். வேர்ல்டு ஒன்று என்ற சர்வர், வார்ராக் மேற்கு வங்கி. "நிலக்கரி விற்பனைக்கு" என்று அடிப்பதற்கு முன்னால் "ஃப்ளாஷ்1:" "வேவ்:" என்று சேர்த்தால் எழுத்து மினுக்கிக்கொண்டே அலை மாதிரி ஆடும். எல்லோரும் அதையே செய்வதால் எவருடையதும் கண்ணில் படாது. பக்கத்தில் ஒருவர் லாப்ஸ்டர் கேட்டுக் கத்திக்கொண்டிருப்பார். இன்னொருவர் பார்ட்டி ஹேட்டை மாட்டிக்கொண்டு சும்மா நிற்பார். 2001 கிறிஸ்துமஸுக்குச் சும்மா கொடுத்த காகிதத் தொப்பி அது. அப்புறம் வருடக்கணக்கில் தரவே இல்லை என்பதால் பெரிய சொத்தாகிவிட்டது. நடுவில் ஓர் உத்தமர், "உன் கவசத்துக்கு ஓரத்தில் தங்க வேலைப்பாடு செய்து தருகிறேன், ஃப்ரீ" என்பார். கொடுத்தால் கவசமும் போச்சு, ஆளும் போச்சு.

நிலக்கரி விற்று முடிய அரை மணி நேரம் ஆகும். வாங்க வந்தவர் பேரம் பேசுவார், ட்ரேட் ஜன்னலைத் திறப்பார், மூடுவார், "எத்தனை லெவல்?" என்பார். பேரம் படியாமலே நண்பர் பட்டியலில் ஏறியவர்கள் எனக்கு உண்டு.

2007 நவம்பரில் கிராண்ட் எக்ஸ்சேஞ்ச் வந்தது. பொருளையும் விலையையும் போட்டுவிட்டு உங்கள் வேலையைப் பார்க்கப் போகலாம். எங்கோ ஒருவர் வாங்கிக்கொள்வார். யார் என்று உங்களுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. சந்தை என்ற அளவில் அருமையான ஏற்பாடு. ஏமாற்றுக்காரர்களின் பிழைப்பில் பாதி அன்றைக்கே போயிருக்கும். வாசலில் நிற்க யாருக்கும் வேலை இல்லாமலும் போனது.

சரி, ஓல்ட் ஸ்கூலுக்கு வருவோம். 2012 நவம்பரில் "எவல்யூஷன் ஆஃப் காம்பாட்" என்று சண்டை முறையையே மாற்றினார்கள். அதுவரை எதிரியைக் கிளிக் செய்துவிட்டு டீ குடிக்கலாம். அதன்பிறகு திரையின் அடியில் ஒரு பட்டை, அதில் வரிசையாகத் திறன்கள், ஒவ்வொன்றையும் நேரம் பார்த்து அழுத்த வேண்டும். பழைய ஆட்கள் கூட்டம் கூட்டமாக வெளியேறினார்கள். அப்போது ரூன்ஸ்கேப்பை நடத்தும் ஜாகெக்ஸ் நிறுவனத்தின் கையில் விளையாட்டின் 2007 ஆகஸ்ட் மாதத்துப் பிரதி ஒன்று இருந்தது. வேண்டுமா என்று ஓட்டுக்கு விட்டார்கள். சுமார் 4.5 லட்சம் ஓட்டு விழுந்தது. 2013 பிப்ரவரியில் ஓல்ட் ஸ்கூல் திறந்தது.

ஆகஸ்ட் பிரதி என்பதைக் கவனியுங்கள். கிராண்ட் எக்ஸ்சேஞ்சுக்கு முந்தியது. ஆக, நீங்கள் தேடும் வங்கி வாசல் உண்மையிலேயே திரும்பி வந்தது. அப்புறம் என்ன ஆனது? ஆட்கள் வெளியே ஓர் இணையதளத்தில் விலையைப் பதிந்துவிட்டு, உள்ளே வந்து கொடுக்கல் வாங்கலை மட்டும் முடித்துக்கொண்டார்கள். கத்துவானேன்? இந்த விளையாட்டில் பெரிதாக எதைச் சேர்ப்பதென்றாலும் விளையாடுபவர்களிடம் ஓட்டெடுப்பது வழக்கம். அன்றைய விதிப்படி 75 சதவீதம் 'சரி' என்றால்தான் உள்ளே வரும். கிராண்ட் எக்ஸ்சேஞ்சும் அப்படி ஓட்டில் ஜெயித்து 2015-இல் வந்தது. பழசு வேண்டும் என்று போராடி வாங்கிய அதே கூட்டம் போட்ட ஓட்டு, தம்பி. இதில் நிறுவனத்தைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. நான் அங்கே இருந்திருந்தால் நானும் 'சரி' என்றுதான் போட்டிருப்பேன். நிலக்கரி விற்கக் கத்துவது, கத்திக்கொண்டிருக்கும் நேரத்தில் ஒன்றும் அவ்வளவு இன்பமாக இருக்காது.

உங்களுக்குக் குறைவது அந்த அரை மணி நேரம்தான். அதைத் தனியாக யாரும் திட்டம் போட்டு வைக்கவில்லை. வசதி இல்லாததால் தானாக விழுந்த இடைவெளி அது.

கரம்ஜா தீவை நினைத்துப் பாருங்கள். போர்ட் சாரிம் துறைமுகத்திலிருந்து கப்பலுக்கு 30 காயின். திரும்பி வரவும் 30. லாப்ஸ்டர் பிடிக்க மீன்பிடியில் 40-ஆம் லெவல் வேண்டும். பையில் 28 இடம். கூண்டுக்கு ஒன்று, காசுக்கு ஒன்று போனால் மிச்சம் 26 லாப்ஸ்டர். படகுத்துறைப் பக்கம் வங்கி கிடையாது. பை நிறைந்ததும் கப்பலேறி, இறங்கி, ட்ரேனர் வங்கிவரை நடை. திரும்பக் காசில்லாமல் மாட்டிக்கொண்டவர்களுக்கு லூதாஸின் வாழைத்தோட்டம் இருந்தது. பத்துப் பழம் பறித்துப் பெட்டியில் போட்டால் சம்பளம் 30 காயின். கப்பல் டிக்கெட்டுக்குச் சரியாக அவ்வளவுதான், ஒரு காயின் கூட மிஞ்சாது! இதை எழுதியவர் குறும்புக்காரர். அந்தத் தோட்டத்தில் எப்போதும் இரண்டு மூன்று ஏழைகள் பழம் பறித்துக்கொண்டிருப்பார்கள். பேசாமல் என்ன செய்வது?

இப்போதும் தோட்டம் இருக்கிறது, லூதாஸ் இருக்கிறார். ஆனால் உங்கள் பக்கத்து ஜன்னலில் வழிகாட்டிப் பக்கம் திறந்திருக்கும். மணிக்கு எத்தனை பாயின்ட் என்ற கணக்கு இருக்கும். மறக்காமல் 30 காயின் எடுத்துக்கொண்டுதான் கப்பலேறுவீர்கள்.

நண்பர் பட்டியலைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. ஆனால் திறந்து பார்த்திருப்பீர்கள். பழைய அக்கவுண்டில் பார்த்திருந்தால் பட்டியல் முழுக்கச் சிவப்பு. சிவப்பு என்றால் ஆள் இல்லை. அதற்கு எந்த நிறுவனமும் பழைய பிரதி வைத்திருக்காது.

ஒரு யோசனை சொல்கிறேன். குரூப் அயர்ன்மேன் என்று ஒரு முறை 2021-இல் வந்தது. இரண்டிலிருந்து ஐந்து பேர் ஒரு குழு. கிராண்ட் எக்ஸ்சேஞ்ச் கிடையாது, வெளி ஆளிடம் எதுவும் வாங்க முடியாது. கவசம் வேண்டுமா, உங்களில் ஒருவர் செய்ய வேண்டும். "டேய், யாராவது மீன் பிடிச்சியா?" என்று கேட்டே தீர வேண்டும். ஓல்ட் ஸ்கூலை உங்களுக்குக் காட்டிய நண்பனையே பிடித்து இழுங்கள். தனியாகத்தான் போவேன் என்றால் யூ மரத்தடிக்குப் போங்கள். முன்பெல்லாம் ஒரே மரத்துக்கு அடித்துக்கொள்வோம், நினைவிருக்கிறதா? 2023-இல் ஃபாரஸ்ட்ரி என்று ஒன்று சேர்த்தார்கள். ஒரே மரத்தைக் கூட்டமாக வெட்டினால் எல்லோருக்கும் லாபம். ஆக, மரத்தடியில் இப்போது கொஞ்சம் கூட்டம் உண்டு.

கேள்வி: நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் விளையாட்டை ஏன்தான் மாற்றுகிறார்கள்? பணத்தாசை தவிர வேறு காரணம் இருக்கிறதா?

பதில்: சில சமயம் பயம். அதே ரூன்ஸ்கேப்பில் 2007 டிசம்பரில் வைல்டர்னஸ் என்ற ஆபத்தான பகுதியில் ஒருவரையொருவர் கொல்லும் வசதியை எடுத்தார்கள். அடுத்த மாதமே, ஏற்றத்தாழ்வான பண்டமாற்றுக்கும் தடை. நண்பனுக்கு விலை உயர்ந்த வாளைச் சும்மா கொடுக்க முடியாது. கொதித்துப் போனார்கள் எல்லோரும். ஆனால் காரணம் இருந்தது. விளையாட்டுத் தங்கத்தை நிஜக் காசுக்கு விற்கும் கும்பல்கள், திருட்டுக் கிரெடிட் கார்டில் சந்தா கட்டிக்கொண்டிருந்தன. விற்ற தங்கத்தைக் கைமாற்ற வழி வேண்டுமே. சும்மா கொடுப்பது ஒரு வழி, வைல்டர்னஸில் வேண்டுமென்றே செத்துக் கொடுப்பது இன்னொரு வழி. இரண்டையும் அடைத்தார்கள். ஓட்டெடுத்து, 90 சதவீதத்துக்கு மேல் ஆதரவு வந்தபின் 2011-இல் திறந்துவிட்டார்கள்.

ஆசையில் மாற்றியதற்கு உதாரணம் வேண்டுமென்றால் ஸ்டார் வார்ஸ் கேலக்ஸீஸ் என்ற ஆன்லைன் விளையாட்டு. 2005 நவம்பர்வரை அதில் 34 தொழில்கள். நடனக்காரராகவே, மருத்துவராகவே காலம் தள்ளலாம். ஜெடாய், அதாவது அந்தப் படங்களில் வரும் ஒளிவாள் வீரர், ஆவது மட்டும் தவம் மாதிரி. ஒரே அப்டேட்டில் 34-ஐ ஒன்பதாகச் சுருக்கி, ஜெடாயை முதல் நாளே யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். புதுக் கூட்டம் வரும் என்ற கணக்கு. இருந்த கூட்டமும் போனது. 2011 டிசம்பரில் மூடிவிட்டார்கள். இதை என்னால் மன்னிக்க முடியவில்லை. அந்த நடனக்காரர்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

கேள்வி: என் கணவர் வேர்ல்டு ஆஃப் வார்க்ராஃப்ட் பைத்தியம். அதன் பழைய வடிவமான கிளாசிக் வந்தபோது குதித்தார். இப்போது "இதுவும் அது இல்லை" என்று புலம்புகிறார். இவருக்கு என்னதான் வேண்டும் மேடம்?

பதில்: அவருக்கே தெரியாது என்று அந்த விளையாட்டை நடத்தும் பிளிஸார்டு நிறுவனமே ஒருமுறை சொல்லியிருக்கிறது. 2013-இல் ஒரு மேடையில், பழைய விளையாட்டைத் திரும்பத் தருவீர்களா என்று ரசிகர் ஒருவர் கேட்க, அதிகாரி ஜே. ஆலன் பிராக், வேண்டும் என்று நினைக்கிறீர்கள், ஆனால் உங்களுக்கு அது வேண்டாம் என்ற பொருளில் பதில் சொன்னார். ரசிகர்கள் அதை விடவே இல்லை. 2017-இல் கிளாசிக் வரப்போகிறது என்று மேடையேறி அறிவித்தவரும் அதே பிராக்தான்! 2019-இல் வந்தது. சர்வர் வாசலில் அப்படி ஒரு க்யூ.

உங்கள் கணவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆரம்ப காலத்தில் ஒரு டன்ஜனுக்கு, அதாவது அரக்கர்கள் இருக்கும் நிலவறைக்கு, போக ஐந்து பேரைச் சேர்க்க வேண்டும். நகரத்தில் நின்று, அடி வாங்க ஓர் ஆள், குணப்படுத்த ஓர் ஆள் என்று கூவ வேண்டும். சேர்ந்ததும் நடந்தே போக வேண்டும். 2009 டிசம்பரில் டன்ஜன் ஃபைண்டர் வந்தது. ஒரு பட்டன், வேறு சர்வர்களிலிருந்தெல்லாம் ஆட்களைச் சேர்த்து நேரே உள்ளே கொண்டுபோய் விட்டுவிடும். முடிந்ததும் அவரவர் வழி. 'வ்ராத்' என்ற விரிவாக்கத்தின் காலத்துக் கிளாசிக்கை 2022-இல் வெளியிட்டபோது அந்தப் பட்டனை வேண்டுமென்றே விட்டுவிட்டார்கள். ஏன் இல்லை என்று ஒரே கூச்சல். 2023-இல் சேர்த்துவிட்டார்கள். கூச்சல் போட்டவர்களில் உங்கள் கணவரும் உண்டா என்று கேட்டுப் பாருங்கள். முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

கேள்வி: பழைய ரூன்ஸ்கேப் அக்கவுண்டை வைத்து ஓல்ட் ஸ்கூலில் நுழையலாமா? நான் சேர்த்த லெவல் எல்லாம் இருக்குமா?

பதில்: நுழையலாம். லெவல் வராது. அங்கே எல்லோருக்கும் புதியவர்கள் பழகும் டுடோரியல் ஐலண்டிலிருந்துதான் தொடக்கம். லாப்ஸ்டருக்கு முன்னால் இறால் பிடிக்க வேண்டியிருக்கும்.