காசிமேட்டு வஞ்சிரம் ஃப்ரீசரிலிருந்து எடுத்ததும் நீர் விடுவது ஏன்?

காசிமேட்டில் விடியற்காலையில் வாங்கிய வஞ்சிரம், வீட்டு ஃப்ரீசரில் ஒரு வாரம் இருந்தபின் சதை தளர்ந்து நீர் விட்டது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். நீர் விடுவதால் மட்டுமே மீன் கெட்டுவிட்டதாகப் பொருளல்ல. பனி உருவான வேகமே முதற்காரணம்.

மீன் சதையில் ஏறத்தாழ 70 முதல் 80 விழுக்காடு நீர். உப்பும் பிற பொருள்களும் அதில் கரைந்திருப்பதால், அது மைனஸ் 1 டிகிரியை ஒட்டி உறையத் தொடங்கி, மைனஸ் 5 டிகிரிக்குள் பெரும்பகுதி பனியாகிவிடுகிறது. இந்த இடைவெளியை மெதுவாகக் கடந்தால், தசை நார்களுக்கு வெளியே தோன்றும் சில படிகங்கள் உள்ளிருக்கும் நீரை இழுத்துப் பெரிதாக வளர்கின்றன. விரைவாகக் கடந்தால், உள்ளும் புறமும் எண்ணற்ற சிறு படிகங்கள் தோன்றுவதால் சதையின் அமைப்பு அதிகம் குலைவதில்லை. கனடாவின் லாப்ரடார் பகுதிக் கடுங்குளிரில் சட்டென உறைந்த மீன் உருகியபின்னும் சுவை குன்றாததைக் கண்ட அமெரிக்கர் கிளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐ, 1920களில் இந்த விரைவு முறையை வணிகத்துக்குக் கொண்டுவந்தார்.

படிகங்கள் சதையைக் கிழிப்பதே முழுக் காரணம் என்பது அரைகுறை விளக்கம். நீர் உறைய உறைய எஞ்சிய திரவத்தில் உப்பு செறிந்து, புரதங்கள் இயல்பு திரிந்து, நீரைப் பிடித்துவைக்கும் ஆற்றலை இழக்கின்றன. மின்வெட்டில் வெப்பநிலை ஏறி இறங்கும்போது சிறு படிகங்கள் கரைய, பெரியவை மேலும் வளர்கின்றன. இதைப் பலரும் கவனிப்பதில்லை.

ஆகவே முழு மீனாக வைக்காமல், மெல்லிய துண்டுகளாக ஒற்றை அடுக்கில், காற்றுப் புகாமல் வையுங்கள். சமைப்பதற்கு முந்தைய இரவே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிடுங்கள்.