பக்கம் மாறினால் குறி மாறுமா?

கேள்வி: சமன்பாட்டில் எக்ஸ்தான் போட வேண்டுமா?

எந்த எழுத்தும் போடலாம். தெரியாத எண்ணுக்கு எக்ஸ் போடும் பழக்கம் 1637-இல் வந்த பிரெஞ்சுக் கணித அறிஞர் டேக்கார்ட்டின் நூலிலிருந்து பரவியது. கீழே நான் ‘க’ போடுகிறேன்.

கேள்வி: 2க + 7 = 3. எனக்கு க = −2 வருகிறது. விடை குறை எண்ணாக இருக்கலாமா?

இருக்கலாம். போட்டுப் பாருங்கள்: −4 + 7 = 3. அனுப்பும் முன்பே போட்டுப் பார்த்திருந்தால் சந்தேகமே வந்திருக்காது.

கேள்வி: ‘பக்கம் மாறினால் குறி மாறும்’ என்று படித்தேன். 3க = 12 என்பதில் 3-ஐ அந்தப் பக்கம் கொண்டுபோனால் 12 − 3 = 9. புத்தகத்தில் 4 என்று இருக்கிறதே?

புத்தகம் சரி. தப்பு அந்த ஒற்றை வரிப் பாடத்தில். வருஷக்கணக்காக இதே கடிதம் வருகிறது, ஒவ்வொரு தடவையும் மனசு கஷ்டப்படுகிறது. எந்த எண்ணும் சமக்குறியைத் தாண்டிக் குதிப்பதில்லை. இரண்டு பக்கமும் ஒரே வேலையைச் செய்கிறோம், அவ்வளவுதான். க + 3 = 12 என்றால் இரு பக்கமும் 3-ஐக் கழிக்கிறோம். இடப்பக்கம் +3 போய்விடுகிறது, வலப்பக்கம் −3 வந்து நிற்கிறது. அதைப் பார்த்துத்தான் ‘குறி மாறியது’ என்கிறார்கள். 3க-வில் 3 கூட்டப்படவில்லை, பெருக்கப்பட்டிருக்கிறது. பெருக்கியதை வகுத்துத்தான் எடுக்க வேண்டும்: 12 ÷ 3 = 4. இன்னொருவர் குறியை மாற்றி −3-ஆல் வகுத்து −4 என்கிறார். அதுவும் இதே நோய்தான். கழிந்ததை இரு பக்கமும் கூட்டி நிரப்புவதைத்தான் சுமார் 1200 வருஷம் முன்பு பாக்தாத்தில் இருந்த கணித அறிஞர் அல்-குவாரிஸ்மி ‘அல்-ஜப்ர்’ என்றார். அல்ஜீப்ரா என்ற பெயரே அதிலிருந்து வந்தது. இரு பக்கமும் என்ன செய்தோம் என்று காட்டும் நடுவரியைக் கொஞ்ச நாளைக்கு விடாமல் எழுதுங்கள்.

கேள்வி: என் கணக்குக்கு விடை வரவில்லை, உதவவும்.

எந்தக் கணக்கு? சமன்பாட்டையும் போட்ட படிகளையும் அனுப்பாமல் நான் என்ன சொல்வது?

கேள்வி: 5 − 2(க − 4) = 1. எனக்கு −2, நண்பருக்கு 6.

நண்பர் சரி. −2-ஐ −4-ஆல் பெருக்கினால் +8. நீங்கள் −8 எழுதிவிட்டீர்கள். அடைப்புக்குறிக்கு முன்னால் கழித்தல் குறி இருந்தால் உள்ளே இருக்கும் எல்லாவற்றையும் அது தொடும். உங்கள் −2-ஐப் போட்டால் இடப்பக்கம் 17 வருகிறது. மறுபடியும் சொல்கிறேன், போட்டுப் பாருங்கள்.

கேள்வி: 2(க + 3) = 2க + 6. கடைசியில் 0 = 0 வருகிறது. எங்கே தப்பு?

தப்பே இல்லை. இது முற்றொருமை, எந்த எண்ணைப் போட்டாலும் பொருந்தும். 0 = 5 என்று வந்திருந்தால் எந்த எண்ணும் பொருந்தாது. அப்படி வந்தால் முதலில் படிகளை ஒரு தடவை சரிபாருங்கள், அப்புறம் எழுதுங்கள்.