விட்டு விட்டு வரும் காய்ச்சல்

அன்புள்ள அக்கா,

பெங்களூரு வேலையை விட்டுவிட்டு நானும் கணவரும் சிவகங்கைப் பக்கம் இரண்டு ஏக்கரில் குடியேறி மூன்று வருடம் ஆகிறது. ஏழு வெள்ளாடுகள் வைத்திருக்கிறோம். வைத்தியம் எல்லாம் என் கைப்பக்குவம்தான். ஆட்டுக்கு மடிவீக்கம் வந்தால் கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு. எங்களுக்குச் சளி என்றால் ஆடாதொடை, காய்ச்சல் என்றால் நிலவேம்பு. ஊசி பக்கமே போவதில்லை, ஆட்டுக்கும் சரி, எங்களுக்கும் சரி. கறந்த சூட்டோடு பச்சைப்பாலைத்தான் என் நான்கு வயது மகள் குடிக்கிறாள், நாங்களும் அப்படித்தான்.

மாசியில் ஒரு ஆடு நிறைசினையில் கரு கலைந்து குட்டி வீசிவிட்டது. கணவர்தான் கையை விட்டு எடுத்துப் போட்டார். மற்றபடி எல்லாம் நலம். அவருக்கு மட்டும் கொஞ்ச நாளாகப் பொழுது சாய்ந்தால் காய்ச்சல், வேர்வை, இடுப்பு வலி. நிலவேம்பு கொடுத்தால் ஒரு வாரம் நன்றாக இருக்கிறார், அப்புறம் மறுபடி வருகிறது.

பாலுக்காக ஜமுனாபாரி வாங்கலாமா? கொடி ஆடே போதுமா?

மலர்விழி

அன்புள்ள மலர்விழி,

ஜமுனாபாரி வேண்டாம். யமுனை, சம்பல் ஆற்றுப் பள்ளங்களின் முட்காட்டில் தழை கடித்து வளர்ந்த இனம் அது. கொட்டிலில் கட்டிப்போடுவதை விட மேயவிட்டால்தான் அதற்கு நல்லது. கொடி ஆடு கறிக்கானது. குட்டி குடித்தது போக மிஞ்சும் பால் சொற்பம். பாலும் வேண்டும், இரட்டைக் குட்டியும் வேண்டும் என்றால் தலைச்சேரி பாருங்கள். ஆனால் இப்போது எந்த ஆட்டையும் வாங்காதீர்கள். ஏன் என்று தனியாக எழுதிய கடிதத்தில் அன்றே சொல்லிவிட்டேன். உங்களைப் போலவே இன்னும் பலர் எனக்கு எழுதுகிறார்கள் என்பதால் இங்கேயும் எழுதுகிறேன்.

ஆடு குட்டி வீசியதைச் சொன்ன கையோடு “மற்றபடி எல்லாம் நலம்” என்று எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே கணவரின் காய்ச்சலைச் சொல்கிறீர்கள். இரண்டுக்கும் சம்பந்தம் இருக்கலாம் என்று உங்களுக்குத் தோன்றவே இல்லையா? அதைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. உங்கள் மகளை நினைத்ததும் பயம் வந்தது.

புருசெல்லா என்று ஒரு கிருமி. ஆட்டுக்கு வந்தால் நிறைசினையில் குட்டி வீசும். அதைத் தவிர வெளியே பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. ஆடு மேயும், அசைபோடும், பால் கொடுக்கும். பாலில் கிருமி இறங்கும். வீசிய குட்டியிலும் நஞ்சுக்கொடியிலும் இன்னும் அதிகமாக இருக்கும். வெறும் கையால் தொட்டவருக்கும் பச்சைப்பால் குடித்தவருக்கும் வரும். சாயங்காலக் காய்ச்சல், வேர்வை, மூட்டிலும் இடுப்பிலும் வலி. உங்கள் கணவருக்கு அதுதான் என்று நான் சொல்லவில்லை. ஆடு குட்டி வீச வேறு காரணங்களும் உண்டு, காய்ச்சலுக்கும் உண்டு. ரத்தம் எடுத்துப் பார்க்காமல் அது இல்லை என்று நீங்களும் சொல்ல முடியாது.

மத்தியதரைக் கடலில் இருக்கும் மால்டா தீவில் இதனாலேயே பல வருடம் செத்திருக்கிறார்கள். 1887-ல் டேவிட் புரூஸ் என்ற பிரிட்டிஷ் ராணுவ மருத்துவர், இறந்த சிப்பாய்களின் மண்ணீரலில் கிருமியைக் கண்டுபிடித்தார். அது எங்கிருந்து வருகிறது என்பது மட்டும் பதினெட்டு வருடம் யாருக்கும் பிடிபடவில்லை. அந்த ஊரில் ஆட்டை வீடு வீடாக ஓட்டிவந்து வாசலிலேயே கறந்து கொடுப்பார்கள். கண்ணெதிரே கறந்த பால், தண்ணீர் கலக்காத பால். யாருக்குச் சந்தேகம் வரும்? 1905-ல் தெமிஸ்டோகிளிஸ் சாமிட் என்ற மால்டா மருத்துவர் ஆடுகளின் ரத்தத்தைச் சோதித்தார். வாட்டசாட்டமாக நின்ற ஆடுகளிடம்தான் கிருமி இருந்தது. மறு வருடம் படையினருக்கு ஆட்டுப்பாலை நிறுத்தினார்கள். முகாமில் காய்ச்சல் அடங்கிவிட்டது. பாலைப் பொங்கக் காய்ச்சினாலே கிருமி சாகும், மலர். அடுப்பும் விறகும் உங்கள் வீட்டிலேயே இருக்கின்றன.

சரி, நிலவேம்பு கொடுத்தால் ஒரு வாரம் நன்றாக இருக்கிறாரே என்பீர்கள். அந்தக் காய்ச்சலின் குணமே அதுதான். ஏறும், தானாக இறங்கும், சில நாள் விட்டு மறுபடி ஏறும். இறங்குகிற நேரத்தில் எந்தக் கஷாயம் கொடுத்தாலும் கஷாயத்துக்குத்தான் பேர் கிடைக்கும். இதைத்தான் நான் கொஞ்ச நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன், உங்கள் கடிதம் வருவதற்கு முன்பிருந்தே.

சாத்தூர்ப் பக்கம் எங்கள் பெரியம்மா ஒருவர் மஞ்சள்காமாலைக்கு மருந்து கொடுப்பார். கீழாநெல்லியை வேரோடு பிடுங்கி அலசி அரைத்து, காய்ச்சி ஆறிய வெள்ளாட்டுப் பாலில் கலக்கித் தருவார். காசு வாங்க மாட்டார். விடியும் முன்பே திண்ணையில் ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். அவர் மருந்து அரைத்ததை விட அவர் கேட்ட கேள்விகள்தான் எனக்கு இப்போது பெரிதாகத் தெரிகின்றன. கண் இமையை இழுத்துப் பார்ப்பார். “வெளிக்கு எந்த நிறத்துல போகுது? மேலெல்லாம் அரிக்குதா?” என்பார். சுண்ணாம்பு மாதிரி வெளுத்துப் போகிறது, ராத்திரியெல்லாம் சொறிகிறேன் என்று யாராவது சொன்னால் அவர்களுக்கு ஒரு சொட்டு மருந்து கிடையாது. “இது என் கைக்கு அடங்காதுய்யா. மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குப் போ. இன்னைக்கே போ.” அழுதாலும் கொடுக்க மாட்டார். கர்ப்பிணிகளையும் அப்படித்தான் அனுப்பிவிடுவார். மருந்து வாங்கிப் போனவருக்கு ஏழு நாளில் கண் தெளியாவிட்டால் எட்டாம் நாள் அவரே திட்டி பஸ் ஏற்றிவிடுவார்.

மலம் வெளுத்து உடம்பு அரித்தால் பித்தநாளம் அடைத்திருக்கலாம். கல் இருக்கலாம், கட்டி இருக்கலாம். செடி அதை நகர்த்தாது. பெரியம்மாவுக்குப் பித்தநாளம் என்ற பேர் தெரியாது. ஆனால் அந்த ஆள் தன்னிடம் தங்கினால் செத்துப்போவான் என்று தெரியும். மற்றவர்களில் பெரும்பாலோருக்கு வந்தது கெட்ட தண்ணீரால் வரும் காமாலை. அது சில வாரத்தில் தானாகவே இறங்கிவிடும். கீழாநெல்லியை யாரும் ஆராயாமல் விட்டுவிடவும் இல்லை. 1988-ல் சென்னை ஆய்வாளர்கள், ஹெபடைடிஸ் பி கிருமியைக் கண்டுபிடித்து நோபல் பெற்ற பிளம்பெர்க்குடன் சேர்ந்து, அந்தக் கிருமியைச் சுமந்திருந்தவர்களுக்கு இதைக் கொடுத்துப் பார்த்து லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள். 37 பேரில் 22 பேருக்கு அந்தக் கிருமியின் அடையாளம் ரத்தத்தில் இல்லாமல் போனது என்றார்கள். பிறகு வேறு இடங்களில் செய்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை.

இன்று செல்போனில் சுற்றுவதெல்லாம் பெரியம்மாவின் மருந்து மட்டும்தான். எத்தனை பிடி, எத்தனை வேளை, எந்தப் பால் என்று எல்லாம் இருக்கிறது. அவர் யாருக்கெல்லாம் மறுத்தார் என்பது எதிலும் இல்லை. அவருடைய வைத்தியத்தில் பாதி அந்த மறுப்புதான். ஒரு ஆளை ஏற இறங்கப் பார்த்து, நேற்றைக்கும் இன்றைக்கும் என்ன வித்தியாசம் என்று கவனித்து, இது நம்மால் ஆகாது என்று சொல்கிற தைரியம் அவருக்கு இருந்தது. நீங்கள் செடியை எடுத்துக்கொண்டீர்கள், அதை எடுத்துக்கொள்ளவில்லை. ஊசி பக்கம் போகாததைப் பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். பெரியம்மா இருந்திருந்தால் உங்களை வாசலிலேயே நிற்க வைத்துத் திட்டியிருப்பார்.

உங்கள் மடிவீக்க மருந்து நல்ல மருந்துதான். தேசியப் பால்வள வாரியமே மாடுகளுக்கு அதைச் சொல்லிக் கொடுக்கிறது. தொடர்ந்து பூசுங்கள். ஆனால் ஆட்டுக்கொல்லி, துள்ளுமாரி ஆகிய ஆட்டு நோய்களுக்குத் தடுப்பூசிதான், அதில் பேச்சே இல்லை. ஆடாதொடை சளிக்குச் சரி. வயிற்றில் பிள்ளை இருக்கும் நேரத்தில் மட்டும் நீங்கள் தொடக் கூடாது, கர்ப்பப்பையைச் சுருக்கும்.

கால்நடை மருத்துவரைக் கூப்பிட்டு ஏழு ஆடுகளுக்கும் ரத்தம் எடுக்கச் சொல்லுங்கள். நோய் இருக்கிற ஆட்டை வைத்தியம் பார்த்து மந்தையில் வைத்திருக்க முடியாது, விலக்கத்தான் வேண்டும். அதற்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். அழத்தான் தோன்றும், எனக்குத் தெரியும். மனிதருக்கு மருந்து இருக்கிறது. இரண்டு மருந்துகளைச் சேர்த்து ஆறு வாரம் விடாமல் சாப்பிட வேண்டும். பத்தாம் நாளே தெம்பு வந்துவிட்டதென்று கணவர் நிறுத்தினால் விடாதீர்கள். மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள், நீங்களும் கொடுங்கள் ரத்தம். அப்புறம், டாக்டர் தானாகக் கேட்க மாட்டார். டைபாய்டு என்று நினைத்து ஐந்து நாள் மாத்திரை எழுதி அனுப்பிவிடக் கூடும். உள்ளே போனதும் நீங்களே சொல்லிவிடுங்கள்: வீட்டில் ஆடு இருக்கிறது, ஒன்று குட்டி வீசியது, பச்சைப்பால் குடித்தோம்.