7ஏ என்று யார் சொன்னது?

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகன் நைக்கி கம்பெனியின் ஜோர்டான் ஷூ கேட்கிறான். ஒரிஜினல் 15,000 ரூபாய்க்கு மேல். மார்த்தாண்டத்தில் ‘7ஏ’ காப்பி 2,800-க்குக் கிடைக்கிறது. ‘மாஸ்டர் காப்பி’ என்றால் இன்னும் ஆயிரம் கூடுதல் கேட்கிறார்கள். எது தரமானது என்று எப்படிப் பார்த்து வாங்குவது?
- ஒரு வாசகர், குலசேகரம்

பதில்: குலசேகரத்துக்காரர் தரத்தைப் பற்றி என்னிடம் கேட்கிறீர்களே! உங்கள் ஊரில் ரப்பர் ஷீட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, குமிழும் பூஞ்சையும் பார்த்துத்தானே தரம் பிரிக்கிறார்கள்? ‘ஆர்.எஸ்.எஸ். 4’ என்ற ரப்பர் ஷீட் தரம் என்றால் இங்கேயும் கோட்டயத்திலும் ஒரே பொருள். ‘7ஏ’வுக்கும் ‘மாஸ்டர் காப்பி’க்கும் அப்படி ஓர் அளவுகோல் எங்கேயும் கிடையாது. விற்கிறவர் வைத்ததுதான் பெயர். போன மாதம் ‘ஃபர்ஸ்ட் காப்பி’யாக இருந்த ஜோடி இந்த மாதம் ‘மாஸ்டர்’ ஆனால் கேட்க ஆளில்லை.

ஒரிஜினல் மாதிரி இருப்பது வேறு, காலுக்கு நன்றாக இருப்பது வேறு. காப்பி போடுகிறவர் முதல் விஷயத்துக்குத்தான் காசைக் கொட்டுவார். சீனாவில் புத்தியான் என்று ஒரு நகரம். வெளிநாட்டு பிராண்டுகளுக்கே ஷூ செய்து கை பழகிய ஊர், காப்பிக்கும் பேர்போனது. அங்கிருந்து வரும் நல்ல காப்பியில் லோகோவையும் நிறத்தையும் வைத்து உங்களாலோ என்னாலோ குறை கண்டுபிடிக்க முடியாது. மிச்சம் பிடிப்பதெல்லாம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில். 1985-ல் வந்த முதல் ஜோர்டான் மாடலில் குதிகாலுக்கு அடியில் ஒரு காற்றுப் பை புதைந்திருக்கும். காப்பியில் அது இருக்கிறதா, வெறும் ஃபோம்தானா என்பது ஷூவின் அடிப்பாகமான ‘சோலை’ அறுத்தால்தான் தெரியும். கடைக்காரர் அறுக்க விடுவாரா?

அறுக்காமல் பார்க்க ஒரு வழி உண்டு. உள்ளே பாதம் படுகிற மெத்தையான இன்சோலைத் தூக்குங்கள். அந்த மாடலில் சோலின் பக்கவாட்டுத் தையல் உள்ளே வரை வரும்; ஓரத்தைச் சுற்றி நூல் தெரிய வேண்டும். வெளியே தையல், உள்ளே நூலே இல்லை என்றால் அது அச்சில் வார்த்த அலங்காரம். ஷூ வெறும் பசையில் நிற்கிறது. அப்புறம் முன்பக்கத்தை மடக்கி, சோல் சேருகிற இடத்தில் நகத்தை விட்டுப் பாருங்கள். நகம் உள்ளே போனால் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையும் ஐப்பசி மழையும் சேர்ந்து கொட்டுகிற மாவட்டத்தில் அந்த ஷூ வாய் பிளக்க அதிக நாளாகாது.

சட்டமும் இருக்கிறது. போலி வர்த்தகச் சின்னத்தோடு பொருளை விற்றால், 1999-ஆம் ஆண்டு வர்த்தகச் சின்னங்கள் சட்டத்தின் 104-ஆவது பிரிவுப்படி 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். விற்கிறவருக்குத்தான் இது, உங்களுக்கு அல்ல. ஆனால் அந்தப் பயத்தில் அவர் பில்லில் ‘ஜோர்டான்’ என்று எழுதமாட்டார். எழுதித் தரச் சொல்லிப் பாருங்களேன். பிறகு சோல் பெயர்ந்தால் எதைக் காட்டி மாற்றிக் கேட்பீர்கள்?

அதே 2,800 ரூபாய்க்கு, சொந்தப் பெயரில் விற்கிற கம்பெனி ஷூ நாகர்கோவிலில் பில்லோடு கிடைக்கும். என் ஓட்டு அதற்குத்தான். மகன் ஒத்துக்கொள்ள மாட்டான், தெரியும். அவன் பார்ப்பது சின்னத்தை. சரி, காப்பிதான் என்று முடிவாகிவிட்டால், ‘மாஸ்டர்’ என்ற பெயருக்காக அந்த ஆயிரத்தைக் கொடுக்காதீர்கள். இரண்டிலும் இன்சோலைத் தூக்கிப் பார்த்து, நூல் தெரிகிற ஜோடியை எடுங்கள்.