லேர்னிங் ஸ்டைல் டெஸ்ட்: எதை நம்புறது?

கேள்வி: எட்டாம் வகுப்புக்கு சயின்ஸ் எடுக்குறேன். பசங்களுக்கு லேர்னிங் ஸ்டைல் டெஸ்ட் வெச்சு, பாத்து கத்துக்கிறவங்க, கேட்டு கத்துக்கிறவங்கன்னு பிரிச்சு பாடம் எடுங்கன்னு சொல்றாங்க. எந்த டெஸ்ட் எடுக்கலாம்?

பதில்: டீச்சர், இந்த கேள்வித்தாள் எல்லாமே ஒரு புள்ளைக்கு எது பிடிக்கும்னுதான் சொல்லும், எப்படி சொன்னா மண்டையில ஏறும்னு சொல்லாது, ரெண்டையும் குழப்பிக்கிறதுலதான் பிரச்சனையே ஆரம்பிக்குது. ஹனி, மம்ஃபோர்டுன்னு ரெண்டு பேர் போட்ட 80 கேள்வி டெஸ்ட் மேனேஜர்களுக்காக வந்தது, ஃபெல்டர்ங்கிறவரோட 44 கேள்வி டெஸ்ட் எஞ்சினியரிங் மாணவர்கள மனசுல வெச்சு வந்தது, உங்க பசங்களுக்கு ரெண்டும் வேணாம். ஏதாவது ஒண்ணு வெச்சே ஆகணும்னா நீல் ஃபிளெமிங் போட்ட வார்க் (VARK)ங்குற கேள்வித்தாள் போதும், 16 கேள்விதான், ஒரே கேள்விக்கு ரெண்டு மூணு பதில் கூட டிக் பண்ணலாம். ஆனா அத பசங்களோட பேச ஒரு சாக்கா மட்டும் வெச்சுக்கோங்க, தயவுசெஞ்சு குரூப் பிரிக்காதீங்க. ஸ்டைலுக்கு ஏத்தபடி பாடம் எடுத்தா கூடுதலா கத்துக்கிறாங்கன்னு சொல்ல போதுமான ஆதாரம் இல்லன்னு 2008லயே பாஷ்லரும் அவர் கூட இருந்த மூணு உளவியல் ஆராய்ச்சியாளர்களும் எழுதிட்டாங்க.

உங்களுக்கு நிஜமாவே உதவுறது பாடத்துக்குள்ளயே இருக்குற சின்ன டெஸ்ட்தான். மின்சுற்று எடுக்குறீங்கன்னு வைங்க, ஒரு பேட்டரி ஒரு பல்பு வரைஞ்சு, பல்புக்கு முன்னாடி கரண்ட் எவ்ளோ, தாண்டின அப்புறம் எவ்ளோ, ஏன்னு ரெண்டு வரி எழுத சொல்லுங்க. பல்பு கரண்ட தின்னுடும், அதனால அந்த பக்கம் கம்மின்னு நெறைய பேர் எழுதுவாங்க, ரெண்டு பக்கமும் ஒரே அளவுதான்னு அவங்களுக்கு இன்னும் புரியல. இந்த தப்பு படம் பிடிச்ச புள்ளைக்கும் வரும், கேக்க பிடிச்ச புள்ளைக்கும் வரும், ரெண்டு பேருக்கும் கரண்ட அளக்குற அம்மீட்டர ரெண்டு பக்கமும் வெச்சு காட்டுறதுதான் மருந்து. எழுத கஷ்டப்படுற புள்ளைய வாயால சொல்ல விடுங்க, வரைய விடுங்க, அப்போ அவனுக்கு பாடம் தெரியலையா இல்ல எழுத வரலையான்னு தெரிஞ்சிடும். எனக்கு இதுதான் பெரிய விஷயமா படுது.

கேள்வி: என் பையன் ஆன்லைன்ல ஒரு டெஸ்ட் எடுத்துட்டு, நான் விஷுவல் லேர்னர், புக்கு படிச்சா எனக்கு ஏறாதுன்னு வீடியோ மட்டும்தான் பாக்குறான். விட்டுடலாமா?

பதில்: விடாதீங்கம்மா. வீடியோ பாக்கட்டும் தப்பில்ல, ஆனா முடிஞ்சதும் மூடி வெச்சுட்டு ஞாபகம் இருக்குறத எழுத சொல்லுங்க. ரோடிகர், கார்பிக்கின்னு ரெண்டு உளவியல் ஆராய்ச்சியாளர்கள் 2006ல மாணவர்கள வெச்சு பாத்தப்போ, திரும்ப திரும்ப படிச்சவங்க அஞ்சு நிமிஷத்துல நல்லா சொன்னாங்க, ஆனா ஒரு வாரம் கழிச்சு கேட்டா, பாக்காம நினைவுபடுத்தி எழுதினவங்கதான் முன்னாடி இருந்தாங்க. அவனுக்கும் ஒரு வாரம் கழிச்சு அதே கேள்விய கேட்டு பாருங்க, என்ன தங்கிச்சுன்னு அவனுக்கே தெரியும்.

இன்னொண்ணு, புக்கு ஏறாதுன்னு அவன் சொல்றத அப்படியே ஸ்டைல் கணக்குல எழுதிடாதீங்க. ஒரு பக்கத்த சத்தமா படிக்க சொல்லி பக்கத்துல உக்காந்து கேளுங்க, எழுத்து கூட்டி திணறுறானா, வரி விட்டு வரி தாவுறானா, கண்ண சுருக்குறானா. அப்படி இருந்தா மொதல்ல கண் டாக்டர், அப்புறம் வாசிப்பு குறைபாடு பரிசோதனை, தள்ளி போடாதீங்க.