பைக் பழுதுபார்க்கப் பழகுபவர்களின் கேள்விகள்

கே: ஸ்பேனர் பிடித்துப் பழக்கமே இல்லை. வீட்டில் பழைய 100 சி.சி. பைக் இருக்கிறது. எதிலிருந்து தொடங்கலாம்?

ப: வண்டியோடு வந்த கையேட்டைப் படிப்பதிலிருந்து. செயின் தளர்வு, டயர் காற்று, ஆயில் வகை எல்லாம் அதில் இருக்கின்றன. கருவிகளில் 8, 10, 12, 14, 17 அளவு ரிங் ஸ்பேனர்களும் ஒரு பிளக் ஸ்பேனரும் முதலில் போதும். ஸ்க்ரூடிரைவரில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். ஜப்பானிய வடிவமைப்பில் வந்த பழைய வண்டிகளில், பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டரின் திருகுகள் சாதாரண ஸ்டார் திருகு போலவே தெரியும். ஆனால் பல ஜே.ஐ.எஸ். என்ற ஜப்பானியத் தர அளவில் செய்தவை. பொருந்தாத முனையை வைத்துத் திருகினால் வழுக்கி, தலை தேய்ந்துவிடும்.

கே: காலையில் எவ்வளவு உதைத்தாலும் ஸ்டார்ட் ஆவதில்லை. கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்யட்டுமா?

ப: வேண்டாம், அது கடைசி வேலை. டேங்கில் பெட்ரோல் இருக்கிறதா, பெட்ரோல் காக் (டேங்கின் அடியில் உள்ள திறப்பு) திறந்திருக்கிறதா, குளிர்ந்த எஞ்சினைக் கிளப்ப உதவும் சோக்கைப் போட்டீர்களா என்று பாருங்கள். பட்டறைக்கு வரும் வண்டிகளில் கணிசமானவை இந்தக் கட்டத்திலேயே கிளம்பிவிடும்.

அடுத்தது, பெட்ரோலுக்குப் பொறி கொடுக்கும் ஸ்பார்க் பிளக். எஞ்சின் ஆறிய பிறகே கழற்றுங்கள்; கழற்றுமுன் சுற்றியுள்ள மண்ணை ஊதித் தள்ளுங்கள், இல்லாவிட்டால் அது சிலிண்டருக்குள் விழும். முனை வெளிர் பழுப்பாக இருந்தால் எஞ்சின் நலம். உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது, அல்லது ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறது. ஆயில் பசையோடு கறுத்திருந்தால் பிஸ்டன் ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்திருக்கலாம். அதை மெக்கானிக்கிடம் விடுங்கள்.

திரும்பப் பொருத்தும்போதுதான் புதியவர்கள் பெரிய செலவை இழுத்துக்கொள்கிறார்கள். பிளக்கின் மரை (திருகு வரி) எஃகு, சிலிண்டர் ஹெட்டின் மரை அலுமினியம். கோணலாக ஏற்றி ஸ்பேனரால் அழுத்தினால் ஹெட்டின் மரைதான் போகும். கடைசிவரை விரலாலேயே திருகுங்கள். வாஷர் உட்கார்ந்ததும், புதிய பிளக் என்றால் ஸ்பேனரால் அரைச் சுற்று, பழையது என்றால் அதைவிடக் குறைவு. எந்த இடத்தில் நிறுத்துவது என்று கைக்குப் பிடிபடுவதைத்தான் நான் தொழில் என்பேன். கழற்றுவதை ஒரே நாளில் கற்றுக்கொள்ளலாம்.

கே: செயின் சத்தம் போடுகிறது. நானே இறுக்கலாமா?

ப: தாராளமாக. சென்டர் ஸ்டாண்ட் போட்டு, சக்கரத்தை மெதுவாகச் சுற்றி, செயின் மிக இறுக்கமாக வரும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். கீழ்ப் பகுதியின் நடுவில் மேலும் கீழும் எவ்வளவு அசைகிறது என்று அளந்து, கையேட்டின் அளவோடு ஒப்பிடுங்கள். சிறிய வண்டிகளில் பெரும்பாலும் 20 முதல் 30 மில்லிமீட்டர் வரை இருக்கும். ஆக்சில் (பின் சக்கர அச்சு) நட்டைத் தளர்த்தி, இரு பக்க அட்ஜஸ்டரையும் ஒரே குறியில் நிறுத்தி, நட்டைத் திரும்ப இறுக்குங்கள்.

பலர் மறப்பது பின் பிரேக்கை. சக்கரம் பின்னுக்குப் போனதும் டிரம் பிரேக்கின் கம்பி இழுபடும். பெடலின் தளர்வைச் சரிசெய்யாவிட்டால் பிரேக் பிடித்தபடியே ஓடும். இன்னொன்று: எஞ்சினை ஓடவிட்டுக்கொண்டு செயினைத் துடைக்கவே கூடாது. துணியோடு விரலும் செயின் ஓடும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டுக்குள் போய்விடும்.

கே: என்னுடையது பி.எஸ்.6 வண்டி. இதெல்லாம் பொருந்துமா?

ப: பிளக், செயின், ஃபில்டர், ஆயில் எல்லாம் பொருந்தும். பி.எஸ்.6 என்ற புகை மாசு விதிப்படி ஏப்ரல் 2020 முதல் வந்த இந்த வண்டிகளில் பெரும்பாலும் கார்புரேட்டருக்குப் பதில், பெட்ரோலை அளந்து பீச்சும் ஃபியூயல் இன்ஜெக்ஷன் இருக்கிறது. மீட்டரில் எஞ்சின் விளக்கு அணையாமல் எரிந்தால் கோளாறைப் படித்துச் சொல்லும் ஸ்கேனர் உள்ள இடத்துக்குக் கொண்டுபோங்கள். சென்சார் ஒயர்களைப் பிடுங்கிப் பார்க்காதீர்கள்.

கே: கார் ஆயில் மிச்சம் இருக்கிறது. பைக்கில் ஊற்றலாமா?

ப: கூடாது. பெரும்பாலான பைக்குகளில் கிளட்ச் பிளேட்டுகள் எஞ்சின் ஆயிலிலேயே ஊறியிருக்கும். பல கார் ஆயில்களில் உராய்வைக் குறைக்கும் பொருள் சேர்த்திருப்பதால் கிளட்ச் வழுக்கும். டப்பாவில் பைக் ஆயிலுக்கான ஜப்பானியத் தரக் குறியான ஜாசோ எம்.ஏ. அல்லது எம்.ஏ.2 என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து, கையேடு சொல்லும் தரத்திலேயே வாங்குங்கள். வடித்த பழைய ஆயிலைச் சாக்கடையில் விடாமல், கேனில் பிடித்துப் பட்டறையில் கொடுத்துவிடுங்கள்.