ஒன்றரை வருடமாக நிற்கும் பழைய டீசல் லாரியைப் பத்திரமாகக் கிளப்புவது எப்படி?

கேட்டவர் சொன்ன விவரம்: அப்பா ஓட்டிய பழைய லாரி, டாடா 697 என்ஜின், மன்னார்குடிப் பக்கம் களத்துமேட்டில் ஒன்றரை வருடமாக நிற்கிறது. சம்பா அறுவடைக்குள் நெல் ஏற்ற வேண்டும். புது பேட்டரி வைத்து செல்ஃப் அடித்துப் பார்க்கலாமா?

அடிக்காதீர்கள். இரண்டு நாள் பொறுங்கள்.

நான் மெக்கானிக் இல்லை. இருபது வருடத்துக்கு மேல் கொள்முதல் நிலையங்களில் நெல் ஏற்றியவன். பட்டறையில் காத்துக்கிடந்த நாட்களைக் கூட்டினால் தொழில் பழகிய கணக்கு வந்துவிடும். நின்ற வண்டி கிளம்புமா என்றுதான் எல்லாரும் பார்ப்பார்கள். கிளம்பினால் நிற்குமா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

இந்த என்ஜின் சாவியைத் திருப்பினால் நிற்கிற வகை இல்லை. டீசல் பம்புக்குள் ராக் என்று ஒரு பல் வைத்த கம்பி உண்டு. எவ்வளவு டீசல் போக வேண்டும் என்பது அதன் கையில். கேபினில் ஸ்டாப் ஒயரை இழுத்தால் அது நகர்ந்து டீசலை அடைக்கும், என்ஜின் நிற்கும். வண்டி மாதக்கணக்கில் நின்றால் பம்பில் தங்கிய டீசல் பிசின் மாதிரி ஆகி ராக்கைப் பிடித்துக்கொள்ளும். நின்ற என்ஜினில், வேகத்தைக் கட்டுப்படுத்துகிற கவர்னரின் ஸ்பிரிங் ராக்கைப் பெரும்பாலும் டீசல் கூடுதலாகப் போகிற பக்கமே தள்ளி வைத்திருக்கும். அங்கேயே அது இறுகிப்போயிருக்க நீங்கள் செல்ஃப் அடித்தால், ஆக்சிலரேட்டரில் கால் வைக்காமலே என்ஜின் அலறும். ஸ்டாப் ஒயர் கையோடு வரும், என்ஜின் நிற்காது. கனெக்டிங் ராடு பிளாக்கை உடைத்துக்கொண்டு வெளியே வந்த கதைகள் ஒவ்வொரு பட்டறையிலும் உண்டு.

அதனால் ஒருவரைக் கேபினில் உட்காரவைத்து ஸ்டாப் ஒயரை இழுக்கச் சொல்லி, பம்பில் அந்த லீவர் முழுசாகப் போய்த் திரும்புகிறதா என்று பாருங்கள். லீவர் ஆடினாலே ராக் ஆடுகிறது என்று அர்த்தமில்லை. பம்பின் பக்க மூடியைக் கழற்றி உள்ளே நகர்வதைக் கண்ணால் பார்த்துவிடுவது நல்லது. அதற்கு மட்டும் பம்ப் வேலை தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். (இந்தப் பம்பைச் செய்த மைக்கோ கம்பெனியின் பெயர் 2008-இல் பாஷ் என்று மாறிவிட்டது, எங்கள் பக்கம் இன்னும் ‘மைக்கோ பம்ப்’தான்.)

அப்புறம் ஏர் கிளீனர் ஹோஸ். பானட்டைத் திறக்கும் முன் கட்டையால் நாலு தட்டு தட்டுங்கள், களத்துமேடு என்பதால் சொல்கிறேன். ஒரு தடவை நான் ஹோஸைக் கழற்றியபோது உள்ளே இருந்து வைக்கோல் வந்தது, கந்தல் துணி வந்தது, பாதி கொறித்த நெற்கதிர் ஒரு பிடி வந்தது. கடைசியாக எலி வந்தது. அதோடு செல்ஃப் அடித்திருந்தால் அவ்வளவும் வால்வுக்குப் போயிருக்கும்.

ஆயில் பாத் வகை, அதாவது அடியில் ஆயில் ஊற்றித் தூசியைப் பிடிக்கிற ஏர் கிளீனர் என்றால் கோட்டுக்கு மேல் ஆயில் ஊற்றாதீர்கள். அதிகமானால் என்ஜின் அந்த ஆயிலை உறிஞ்சி அதிலேயே ஓட ஆரம்பிக்கும். அப்போது டீசலை அடைத்தும் பயனில்லை, காற்றைத்தான் அடைக்க வேண்டும். முதல் தடவை கிளப்பும்போது ஹோஸைக் கழற்றிவிட்டு, காற்று போகிற வாயை முழுக்க மூடுகிற தடித்த பலகையோடு ஒருவரைப் பக்கத்தில் நிறுத்துங்கள். கையையோ சாக்கையோ வைக்கக் கூடாது, உள்ளே இழுத்துவிடும்.

டிப்ஸ்டிக்கில் ஆயில் குறைந்திருந்தால் பயமில்லை, ஊற்றிக்கொள்ளலாம். கூடியிருந்தால்தான் பயம். மோர் கலந்த மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது. நீர்த்துப்போய் டீசல் வாடை அடித்தால் டீசல் இறங்கியிருக்கிறது. இரண்டிலும் காரணம் தெரியும்வரை கிளப்பக் கூடாது.

எல்லாம் சரி என்றால் சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சுகிற நாசில்களைக் கழற்றி, சிலிண்டருக்கு இரண்டு ஸ்பூன் ஆயில் விட்டு, என்ஜினைக் கையால் இரண்டு சுற்று சுற்றிப் பாருங்கள். 697 என்பது 6 சிலிண்டர், 97 மில்லிமீட்டர் போர் (சிலிண்டரின் உள் விட்டம்). ஆறும் முட்டாமல் சுற்ற வேண்டும். நாசிலைத் திரும்ப மாட்டும்போது பழைய செம்பு வாஷரைப் போடாதீர்கள். டேங்கில் கிடக்கும் டீசலை முழுக்க இறக்குங்கள். இரண்டு ஐப்பசி மழை பார்த்த டேங்கில் அடியில் தண்ணீர் இல்லாமல் இருக்காது.

புது டீசல் ஊற்றியதும் ஏர் எடுக்க வேண்டும், அதாவது டீசல் போகிற வழியில் சிக்கிய காற்றை வெளியேற்ற வேண்டும். ஃபில்டர் மேலே உள்ள ஸ்க்ரூவைத் தளர்த்தி, ஹேண்ட் பம்பை அடித்துக்கொண்டே இருங்கள். முதலில் சோப்பு நுரை மாதிரி வரும், அப்புறம் விட்டு விட்டு, பிறகு நுரையில்லாமல் ஒரே சீராக. சீராக வந்தபின் இறுக்கிவிட்டு, பம்பிலும் அதே வேலை. கடைசியாக நாசில் பைப் நட்டை அரைச் சுற்று தளர்த்தி செல்ஃப். அப்போது பைப் பக்கம் விரலோ முகமோ போகக் கூடாது. நாசில் திறப்பதே 200 பாரை ஒட்டிய அழுத்தத்தில். அந்த டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே பார்த்தால் முள் குத்தின மாதிரிதான் இருக்கும், வலியும் பெரிதாக இருக்காது. ‘மஞ்சள் வைத்தால் சரியாகிவிடும்’ என்று இருந்தால் விரல் போய்விடும், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

கிளம்பவில்லை என்றால் யாராவது ‘பெட்ரோலைத் துணியில் நனைத்து காற்று வாயில் காட்டு’ என்பார்கள். அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

வண்டிக்கு அடியில் படுக்கும் வேலை இருந்தால், நம் ஊர் களிமண்ணில் ஜாக்கி வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கும். அடியில் அகலப் பலகை, டயருக்கு முட்டு, சேஸிக்குக் கட்டை. வெறும் ஜாக்கியை நம்பிப் படுக்காதீர்கள்.

ஓட ஆரம்பித்தபின் ஒரு விஷயம். குறுவை நெல்லோடு, நல்ல மழையில், நீடாமங்கலம் ரயில்வே கேட்டுக்குக் கொஞ்சம் முன்னால் என் வண்டி நின்றது. ஏர் எடுத்தேன், கிளம்பியது, அரை கிலோமீட்டரில் மறுபடி நின்றது. ஃபில்டரை மாற்றினேன், அதே கதை. பின்னால் ஹாரன். ராத்திரி பத்து மணிக்கு ஒரு பாய் மெக்கானிக் சைக்கிளில் வந்தார். ஸ்பானர் எதையும் எடுக்கவில்லை. டேங்க் மூடியைத் திறந்தார். ‘ஸ்ஸ்’ என்று காற்று உள்ளே போகிற சத்தம் கேட்டது. மூடியில் இருக்கிற குண்டூசித் துளையைச் சேறு அடைத்திருந்தது. உள்ளே காற்று போகாததால் டீசல் வரவில்லை. கிளீனர் பையன் சட்டையிலிருந்து ஒரு ஊக்கை வாங்கிக் குத்திவிட்டார், அவ்வளவுதான். காசு வாங்கவில்லை.

செல்ஃப் அடித்தேன், கிளம்பியது. அதற்குள் கேட்டைப் போட்டுவிட்டார்கள்.